பெயருக்கு இடமில்லாத படிவம்

துடியலூர்
6.7.2025

அன்புள்ள ரம்லா,

உன் பழைய எண்ணுக்கு அனுப்பியதெல்லாம் ஒற்றை டிக்கோடு நிற்கிறது. அதனால்தான் வீட்டு முகவரிக்கு எழுதுகிறேன். அம்மாவுக்கு மூட்டுவலி குறைந்ததா?

புதுக் கம்பெனியில் சேர்ந்து இரண்டு மாதம் ஆகிறது. போன வாரம் நான் மாற்றிய நிரலால் ஒரு கிளினிக்கில் வந்தவர்கள் எல்லோருக்கும் டோக்கன் எண் ஒன்று என்றே அச்சாகிவிட்டது. முப்பது பேரும் முதல் ஆள். திட்டு விழும் என்றுதான் போனேன். எங்கள் டீம் லீடர் கிருபாசங்கர் ஒரு படிவம் கொடுத்தார். என்ன நடந்தது, ஏன் நடந்தது, இனி நடக்காமலிருக்க என்ன செய்யலாம், அவ்வளவுதான்.

"ஏனுங்க, எம்பேரை எங்கீங்க எழுதறது?"

"பேரு எதுக்குங்க? எழுதுனா எல்லாரும் அதை மட்டும் படிச்சுப்போட்டுப் போயிருவாங்க."

இப்படியும் ஒரு ஆபீஸா என்று ஆச்சரியம் இன்னும் தீரவில்லை. நேற்று அம்மா குழம்பில் இரண்டு தரம் உப்புப் போட்டதைக்கூட அந்தப் படிவத்தில் எழுதிப் பார்த்தேன்.

உன் பக்கத்து சீட்டுக்காரி,
லோகு


கோட்டைமேடு
15.7.2025

லோகு,

இரண்டு வருஷம் கழித்தாவது நினைவு வந்ததே. அம்மா நலம். உன்னை விசாரித்தார்.

நான் இங்கே டியூஷன் எடுக்கிறேன். போன வாரம் பீளமேட்டில் ஒரு இன்டர்வியூ. பழைய வேலையை ஏன் விட்டீர்கள் என்று கேட்டார்கள். வழக்கம்போல் விழித்துவிட்டு வந்தேன். வீட்டில் உன் கடிதம் கிடந்தது.

நம் பழைய ஆபீஸின் பள்ளிப் பஸ் விஷயத்தை அந்தப் படிவத்தில் எழுதி அனுப்பேன். எப்படி வருகிறது என்று பார்க்க எனக்கும் ஆசை.

ரம்லா


துடியலூர்
20.7.2025

அன்புள்ள ரம்லா,

மூன்று தாள் கிழித்தபிறகு இது வந்தது.

நடந்தது: ஒரு பள்ளியின் பெற்றோர் நாலாயிரம் பேருக்கு 'இன்று பஸ் வராது' என்ற சோதனைச் செய்தி நிஜமாகவே போய்விட்டது. பஸ்கள் காலியாக வந்தன. பிள்ளைகள் ஸ்கூட்டரில் போனார்கள்.

காரணம்: சோதனைத் திரையும் நிஜத் திரையும் ஒரே மாதிரி. ரம்லா டீ குடிக்கப் போனபோது அவளுடைய கணினி பூட்டப்படாமல் இருந்தது. அதில் பொத்தான் அழுத்தப்பட்டது.

இனி: நிஜத் திரைக்குச் சிவப்புப் பட்டை வேண்டும்.

சரியாக வந்திருக்கிறதா?

லோகு


கோட்டைமேடு
28.7.2025

லோகு,

சிவப்புப் பட்டை நல்ல யோசனை. பூட்டாமல் போனது என் தப்புதான்.

ஆனால் பெயரே கூடாத படிவத்தில் என் பெயர் மட்டும் எப்படி வந்தது அம்மணி?

அங்கே என் கணினியில் உட்கார்ந்தவர்கள் நாம் இரண்டே பேர். யார் அழுத்தியிருந்தாலும் குற்றம் திரைமேல்தான், ஒப்புக்கொள்கிறேன். மறுநாள் மீட்டிங்கில் மேனேஜர் என்னை எழுப்பி, மரியாதை குறையாமல், "உங்க சிஸ்டம்தானுங்களே?" என்றார். அப்போது பக்கத்து சீட்டில் ஒருத்தி குனிந்து நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது எந்தத் திரையின் கோளாறு?

நான் சொல்லியிருக்கலாம். உங்கள் வீட்டிலேயே முதன்முதலாகப் படித்து ஆபீஸ் படி ஏறியவள் நீ. எனக்கு வாய் வரவில்லை. நீயே சொல்வாய் என்று மூன்று நாள் பார்த்தேன். நாலாம் நாள் ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

ரம்லா


துடியலூர்
10.8.2025

ரம்லா,

உன் கடிதத்தைப் பையிலேயே வைத்துக்கொண்டு நாலு நாள் வேலைக்குப் போய்வந்தேன். ஐந்தாம் நாள் பழைய மேனேஜருக்கு எழுதினேன். அவரே போன் செய்தார்.

"ஏனுங்க அம்மணி, ரெண்டு வருசத்துக்கு முந்தினதை இப்ப எதுக்குங்க கிளறறீங்க?"

"அதுல எழுதியிருக்கற பேரு தப்புங்க."

"சரிங்க, பாக்கறேன்" என்று வைத்துவிட்டார். அவர் பார்ப்பாரோ மாட்டாரோ தெரியாது. அதனால் கீழே உள்ளதைத் தனித்தாளிலும் எழுதி இந்த உறையில் வைத்திருக்கிறேன். அடுத்த இன்டர்வியூவில் கேட்டால் காட்டு. விசாரிக்க என் எண்ணும் அதில் இருக்கிறது.

12.7.2023, காலை ஏழு மணி. பொத்தானை அழுத்தியது நான். மறுநாள் மீட்டிங்கில் பேசாமல் இருந்ததும் நான். ரம்லா டீ குடிக்கப் போயிருந்தாள்.

ப. லோகப்பிரியா