நண்டு சிரிக்கிற இடம்

பாரிஸ்
03.05.1993

அன்புள்ள அக்கா,

யசிந்தா செங்கமாரி நோயில் போய்விட்டாள் என்று அறிந்த நாள் முதல் பேனை பிடிக்க மனம் வரவில்லை. உங்களுக்கு இருந்தது அந்த ஒரு பிள்ளை.

ஒன்று கேட்க வேண்டும். நானும் கூட்டாளிகளும் கையால் படம் கீறி நாலு நிமிடக் கார்ட்டூன் ஒன்று செய்கிறோம். ஒரு நண்டு தன் நிழலைப் பிடிக்க ஓடுகிறது. பாட்டுப் போட்டாயிற்று. கடைசியில் நண்டு சிரிக்கிற இடம்தான் வெறுமையாகக் கிடக்கிறது. நத்தார்ப் பண்டிகைக்கு நீங்கள் குரல் பதிந்து அனுப்பிய கசற்றில் யசிந்தா விழுந்து விழுந்து சிரிக்கிறாள். அதைப் போடலாமா?

தம்பி அருட்பிரகாசம்


குருநகர்
20.07.1993

அன்புத் தம்பிக்கு,

மாதா உன்னைக் காக்க. கடிதம் செஞ்சிலுவைக்காரர் மூலம் வந்தது.

கீறின நண்டுக்கு வாய் எங்கே வைத்தாய்? அது ஓட என்ன சத்தம் போட்டாய்? மேளம் என்றால் பிழை. மீன் போடுகிற பறிக்குள் நண்டு நடந்தால், காய்ந்த ஓலையை நகத்தால் சுரண்டினது போலக் கேட்கும். செய்து பார்.

சிரிப்பு வேண்டாம். லூர்த்தம்மா மாமி, "செத்த பிள்ளையை நண்டாக்கப் போறானோ உவன்?" என்று ஏசினா. யசிந்தாவின் குரல் என்னிடம் ஒரு சொட்டும் இல்லை, தம்பி. கசற்றை எனக்கு அனுப்பிவிடு.

அக்கா மரியநாயகி


பாரிஸ்
14.09.1993

அன்புள்ள அக்கா,

இதுதான் அந்தக் கசற். பிரதி எடுக்கவில்லை. நண்டின் வாயை மூடிக் கீறிவிட்டோம். ஓலைக்குப் பூக்கடை பூக்கடையாக அலைந்தேன். நீங்கள் சொன்ன சத்தம் அச்சொட்டாக அப்படியே வந்தது.

அருட்பிரகாசம்


குருநகர்
02.12.1993

அன்புத் தம்பிக்கு,

கசற் கிடைத்தது. ரேடியோ திருத்துகிற வின்சன்ற் அண்ணை கார் பற்றரியில் போட்டார். சிரிப்புக்கு முன்னால் கீச்சுக்குரலில், "மிதி பிள்ளை, மிதி" என்று கேட்டது. ஆர் ஆரை மிதிக்கச் சொல்வது? திருப்பித் திருப்பிப் போட்டோம்.

தம்பி, அது நான். சிரித்ததும் நான்தான்.

இங்கே கரண்ட் இல்லையே. சைக்கிளை ஸ்ராண்டில் விட்டு யசிந்தா மிதிக்க, டைனமோவில்தான் ரெக்கோடர் ஓடினது. அவள் களைத்து மெதுவாக மிதிக்க ரேப்பும் மெதுவாகச் சுற்றியிருக்கிறது. இப்போது சரியான வேகத்தில் ஓட, என் குரல் குஞ்சுக்குரலாய்ப் போச்சாம். "மரியநாயகி, நீ இன்னும் குமர்ப்பிள்ளைதான்!" என்று வின்சன்ற் அண்ணை பகிடி பண்ணினார். நான் அப்படிச் சிரிக்கிறவள் என்று எனக்கே மறந்துபோச்சு.

அவர் எடுத்துத் தந்த பிரதியை அனுப்புகிறேன். நண்டின் வாயைத் திறந்து கீறு. என்ரை சிரிப்பைப் போடு.

சிரிப்புக்குப் பின்னால் டைனமோ "கிர்ர்... கிர்ர்" என்று விட்டுவிட்டுக் கேட்கும். துப்புரவாக்குகிறேன் என்று அதை எடுத்துவிடாதே. அதுதான் பிள்ளை.

அக்கா மரியநாயகி