ஒரே கட்டையில் ஒலித்த மணி

மினசோட்டா,
சனிக்கிழமை.

அன்புள்ள ஆர்லினுக்கு,

கர்த்தருடைய கிருபையால் நான் நலம். சியாட்டிலில் நீங்களும் நலமாயிருக்க ஜெபிக்கிறேன்.

புதன்கிழமை சாயங்காலம் கோவிலில் இருந்தவர்கள் போதகர் ஹால்வர்சன், ஆர்கன் வாசிக்கும் டெல்பின், ஒலிபெருக்கி பார்க்கும் கோர்டி, நான். நீங்கள் அனுப்பிய மணியோசையைக் கேட்கத்தான் கூடினோம். விரிசல் விட்ட மணியை இறக்கிவிட்டதால் இந்தக் கிறிஸ்துமஸுக்குக் கம்ப்யூட்டர் மணிதானே.

"ஆபீஸில் மாரென் செய்தது, அவளுக்கு அபாரமான காது" என்று எழுதியிருந்தீர்கள். திரையில் அந்த ஓசையின் பெயரும் மாரென் என்றே இருந்தது.

டெல்பின் கீபோர்டில் நடுக் கட்டையை அழுத்தினாள். சும்மா சொல்லக் கூடாது, அப்படி ஒரு நாதம். போதகர் கண்ணை மூடிக்கொண்டார். எனக்கு மாரென்மேல் பொறாமை வந்தது. அப்புறம் பாட்டை வாசித்தாள். அடுத்த கட்டையில் உறுமல், அதற்கடுத்ததில் கிறீச்சல். "மணியா இது? சூப் சட்டி படியில உருளுது!" என்றான் கோர்டி. "வாயை மூடுடா, கோவில்ல இருக்கோம்" என்று டெல்பின் அதட்டினாள். அவளுக்கும் சிரிப்புத்தான்.

மென்பொருளைத் திறந்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. டெல்பினுக்கு விளக்கினேன்: "காதுல கேக்குற அலை ஒண்ணு, அதை உலுக்கி மணியாக்குற மாடுலேட்டர் ஒண்ணு. கட்டை மாறினா ரெண்டும் ஒரே விகிதத்துல சேர்ந்து ஏறி இறங்கணும். இதுல மாடுலேட்டரை மட்டும் ஒரே எண்ணுல பூட்டி வச்சிருக்கு." அவள் விடவில்லை. "ஒண்ணு போகுது, ஒண்ணு நகர மாட்டேங்குது. எங்க வீட்டுக்காரரோட நான் ஆடப் போன கதைதான்" என்றாள். பூட்டை எடுத்துவிட்டு ஒன்றுக்கு மூன்றரை என்று விகிதம் வைத்தேன். அடிக்கட்டையிலிருந்து உச்சிவரை எல்லாம் மணியாக ஒலித்தது.

மாரெனுக்கு இதுகூடத் தெரியவில்லையே என்று மனதுக்குள் துள்ளினேன். ஆண்டவர் மன்னிக்கட்டும். வீடு வந்து சேருமுன் அந்தத் துள்ளலும் போய்விட்டது.

ஒரு கையில் காபிக் கோப்பையோடு மறு கையால் ஒரே கட்டையை மட்டும் அழுத்திப் பார்த்துவிட்டு, சரியாகிவிட்டது என்று எழுந்துவிடுவது யார் வழக்கம்? இன்னொரு மாடுலேட்டரைச் சரியாக ஏழு மடங்கில் நிறுத்தாமல் மயிரிழை தள்ளிவைத்து, ஓசையைக் குளிரில் நடுங்குவதுபோல் நடுங்கவைப்பது யார்? அதுவும் அந்த மணியில் இருக்கிறது. அது அவள் செய்ததல்ல, ஆர்லின். நீங்கள் செய்தது. இதுவரை செய்த எல்லா மணிக்கும் என் பெயரைத்தான் வைத்தீர்கள். "இன்னொரு வெர்னாவா?" என்று டெல்பின் கேலி செய்வாளே.

ஞாயிறு அறிவிப்பில் மாரெனுக்கு நன்றி சொல்லப்போகிறார் போதகர். செய்தது நீங்கள் என்று அவரிடம் சொல்ல மனம் வரவில்லை. திரையில் இருக்கும் பெயரை அழிக்கவும் கை வரவில்லை.

காஸ் பில் கட்டியாயிற்று. வீட்டுக் கணக்கில் துண்டு விழவில்லை. உங்களுக்குப் பிடித்த உருளைக்கிழங்கு லெஃப்சே ரொட்டி சுட்டு எடுத்துவைக்கிறேன். போன கிறிஸ்துமஸுக்கும் வேலை என்றுதான் வராமல் இருந்தீர்கள். போனில் கேட்டால் அழுதுவிடுவேன், அதனால்தான் எழுதுகிறேன். அவள் யாரென்று நான் கேட்கவில்லை.

நீங்கள் எங்கிருந்தாலும் ஆண்டவர் உங்கள் பக்கத்தில் இருக்கட்டும். கிறிஸ்துமஸுக்கு வீட்டுக்கு வருகிறீர்களா இல்லையா என்று மட்டும் சீக்கிரம் பதில் எழுதுங்கள்.

உங்கள் மனைவி,
வெர்னா