ஷீலாவின் வரிசை

9.6, திங்கள்

காலையிலிருந்து தூறல். யூனிஃபார்ம் காயவில்லை. இஸ்திரிப் பெட்டியை வைத்துத் தேய்த்து, ஈரத்தோடே போட்டுக்கொண்டு போனேன்.

எலெக்ட்ரானிக் சிட்டி கேப் ஷெட்டில் இன்று முதல் இரண்டு வரிசை. டிரைவர்கள் சாவி வாங்கும் முன் மெஷினில் ஊதவேண்டும். குடித்திருந்தால் கத்தும், வேலை போகும். இத்தனை நாள் செக்யூரிட்டியில் நான் ஒருத்திதான் மெஷின் பிடித்தேன். இவரும் அங்கே டிரைவர்தான்; வீட்டுக்காரரைப் பெண்டாட்டி சோதிக்கக் கூடாதாம். அதனால் இவருக்கு மட்டும் சூப்பர்வைசர் நாகராஜ் சார் வந்து பிடிப்பார். இப்போது ஷீலா என்று புதுசாக ஒருத்தி. இனிமேல் இவர் அவள் வரிசை.

முப்பதுகூட இருக்காது. கண்ணுக்கு மை. எல்லோருக்கும் நின்ற இடத்திலிருந்தே நீட்டினாள். இவருக்கு மட்டும் ஒரு எட்டு முன்னால் வந்தாள். பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

"ஊதுங்கண்ணா... இன்னும், இன்னும்... போதும்."

இவர் சிரித்தார். வீட்டில் பல்லையே காட்டாத மனுஷர்.

வாங்க: து. பருப்பு, சோப்பு, பெரியவளுக்கு ஜியாமெட்ரி பாக்ஸ்.

11.6, புதன்

வெயில், அப்பாடா. மூன்று நாள் துணியும் காய்ந்தது.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஷேவ் செய்தவர் இப்போது தினமும். செய்யட்டும், எனக்கென்ன. வயிறு எரிகிறது, அவ்வளவுதான்.

இவர் சட்டைப் பையில் சின்ன பாட்டில். வாயில் அடிக்கிற ஸ்ப்ரே, புதினா. என் நாக்கில் அடித்துப் பார்த்தேன். முதலில் குளுகுளு, பிறகு சுரீர். இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன். கேட்கவில்லை. கேட்டால், "உனக்கு வேற வேலையில்ல?"

கல்யாணமான நாளிலிருந்து வெங்காய வாயோடுதான் என் பக்கத்தில் படுக்கிறார். அவள் மூஞ்சிக்கு மட்டும் புதினாவாம்.

கேஸ் புக் செய்ய மறந்தேன்.

12.6, வியாழன்

பாத்திரம் அப்படியே கிடக்கிறது. முதலில் இதை எழுதிவிடுகிறேன்.

இவர் ஊதினார், மெஷின் கத்தியது. ஷெட் மொத்தமும் திரும்பிப் பார்த்தது. நாகராஜ் சார் ஓடிவந்தார்.

"ஏன்பா, காலங்காத்தால குடிச்சிட்டு வண்டி எடுக்க வந்தியா?"

"அம்மா சத்தியமா இல்ல சார்."

சார் என் பக்கம் திரும்பினார். "சரளா, நிஜம் சொல்லம்மா. வீட்ல குடிச்சானா?"

இவர் குடியை விட்டு வருஷக்கணக்காகிறது. எனக்கு அது தெரியும். ஆனாலும் வாய் வரவில்லை. போகட்டுமே, இந்த வேலை போனால் ஷீலா முன்னால் போய் நிற்பதும் போகும் என்று ஒரு நினைப்பு. வந்தது, மறைப்பானேன். இவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கழுத்தெல்லாம் வியர்வை.

நேரே போய் இவர் பையில் கைவிட்டு பாட்டிலை எடுத்து சாரிடம் கொடுத்தேன். "இதுல ஆல்கஹால் இருக்கு சார். ஊதறதுக்கு முன்னாடி அடிச்சிருக்கார். வாய் கொப்புளிக்கச் சொல்லி, கால் மணி நேரம் கழிச்சு மறுபடி ஊத வைங்க." ரூல்படி அதுதான்.

வரிசையிலிருந்து ஒரு குரல்: "புதினா யாருக்கு மச்சான்?" ஒரே சிரிப்பு. ஷீலா மெஷினைத் துடைத்தாள், துடைத்துக்கொண்டே இருந்தாள்.

இரண்டாவது தடவை சைபர். சாவி கொடுத்தார்கள். என்னைத் தாண்டித்தான் போனார். வேலையைக் காப்பாற்றிக் கொடுத்தேன். மானத்தை வாங்கிவிட்டேன். இரண்டும் நான்தான்.

13.6, வெள்ளி

மேகமூட்டம். உப்புமா. சாப்பிட்டார். ஷேவ் செய்யவில்லை. ஷூ மாட்டினவர் திரும்பக் கழற்றிவிட்டு அடுப்படிக்கு வந்தார்.

"இன்னிக்கும் கத்திச்சுன்னா வூட்டுக்கு அனுப்பிடுவாங்க. ஊதறேன், ஏதாவது வாசனை வருதா பாரு."

கரண்டியை வைத்தேன். குனிந்து, என் முகத்துக்கு நேராக ஊதினார். இவ்வளவு கிட்டே வந்து எத்தனை காலம். டீ வாசனை, பேஸ்ட் வாசனை. வேறொன்றும் இல்லை.

"சரியாத் தெரியல," என்றேன். "இன்னொரு வாட்டி ஊதுங்க."