ஜப்பான் மெஷினில் தைத்த பெல்ட்

இன்று நம் பட்டறையில் ஜப்பான் மெஷின் மேல் போட்டிருந்த சாக்கை எடுத்ததும், பழைய எண்ணெயும் தார்ப்பாயும் கலந்த வாசம் முகத்தில் அடித்தது. நீ போன பிறகு நான் அதைத் தொடவே இல்லை. விற்க மனம் வரவில்லை, வைத்திருக்கவும் பிடிக்கவில்லை.

நாமக்கல்லில் லாரித் தார்ப்பாய் தைக்க நாம் இருவரும் கூட்டாக வாங்கிய மெஷின். சீட்டு ரெக்சினோ, நாலு மடிப்புத் தார்ப்பாயோ, சத்தம் மாறாமல் தைத்துக்கொண்டே போகும். நான் ஊரெல்லாம் பீற்றிக்கொண்டு திரிந்தபோது நீ மட்டும் சிரிக்கவில்லை. "இத்துப்போனதையுமே இது தெச்சிரும்டா. அதான் பயமா இருக்குது" என்றாய்.

அதனால் கிணறு தூர்வாருகிறவர்களின் இடுப்பு பெல்ட் வந்தால், முதலில் குத்தூசியால் கையிலேயே நாலு தையல் போடுவாய். நார் இற்றிருந்தால் ஊசி சும்மா இறங்கும், கைக்குத் தெரிந்துவிடும். தைத்த பிறகு, தைத்தவனே பெல்ட்டைக் கட்டி, ஸ்டூலில் ஏறி, கூரைச் சங்கிலியின் கொக்கியில் மாட்டிக்கொண்டு ஒருமுறை தொங்கிக் காட்ட வேண்டும். அப்புறம்தான் பெல்ட் வெளியே போகும்.

அன்று வந்த பெல்ட்டில் எப்போதோ பேட்டரி ஆசிட் சிந்தியிருக்கிறது. பார்வைக்குப் புதிது போலத்தான் இருந்தது. எனக்கு அவசரம்; குத்தூசியைத் தேடக்கூட இல்லை, நேராக மெஷினில் விட்டு ஓட்டினேன். தொங்க வேண்டியவனும் நான்தான். வாசலில் லாரிக்காரர் நின்றதால் அளவெடுக்கப் போனேன், உன்னைத் தொங்கிப் பார்க்கச் சொல்லிவிட்டு. பெல்ட் அறுந்தது. உன் பின்மண்டை மெஷினின் இரும்புக் காலில் பட்டது.

வந்தவர்களிடம் கொக்கி வழுக்கிவிட்டது என்றேன். பெல்ட்டை அடுப்பில் போட்டேன்.

இன்று சாக்கை எடுக்க வைத்தவன் உன் மகன். பனமரத்துப்பட்டியில் கிணற்று வேலை பிடித்திருக்கிறான். "எங்கப்பா மெசின்ல தெச்சாத்தானுங்க மாமா எனக்குத் தைரியம்" என்று பெல்ட்டை நீட்டினான். அதற்கு மேல் என்னால் முடியவில்லை.

"கொக்கி வழுக்கல சாமி. நாந் தெச்ச பெல்ட்டுதான் அறுந்துச்சு."

பெல்ட்டை மெஷின் மேல் வைத்தான். கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். "தெச்சு வையுங்க. காலைல வாரேன். நீங்க தொங்கிக் காட்டோணும்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

தைத்துவிட்டேன். நல்ல பெல்ட்தான், கையிலும் தைத்துப் பார்த்தேன். ஆனாலும் அந்தச் சங்கிலியை நிமிர்ந்து பார்க்கப் பயமாக இருக்கிறது. நீ அன்று பெல்ட்டைத் தடவிக்கூடப் பார்க்கவில்லை. தைத்தது நான் என்பதால் ஸ்டூலிலிருந்து காலை எடுத்துவிட்டாய்.