அம்மா ஏறும் ஒரே வண்டி

பழனிசெட்டிபட்டி,
மே 14, வியாழன்.

அன்பு மகன் அஜய்குமாருக்கு,

அப்பா எழுதுவது. கர்த்தர் உன்னைப் புனேயில் சுகமாக வைத்திருப்பார் என்று நம்புகிறேன். போனில் கூப்பிட்டால் நீ எடுப்பதில்லை. உன்னைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. அதனால்தான் கடிதம்.

விஷயம் நம் அம்பாசிடரைப் பற்றியது. காலையில் செல்ஃப் மோட்டார் நன்றாகச் சுற்றுகிறது, எஞ்சின் பிடிப்பதில்லை. சோக்கை இழுத்துப் பதினைந்து தடவை போராடிப் பிடித்தாலும், கொஞ்ச தூரம் ஓடி இருமி நின்றுவிடுகிறது. உத்தமபாளையம் மெக்கானிக் குருசாமி கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவினார். பெட்ரோல் பம்புக்குள் ரப்பர் தகடு கிழிந்திருந்தது, மாற்றினார். பிளக், பாட்டரி எல்லாம் புதிது. டேங்கை இறக்கித் துருவைக்கூட அலசிவிட்டோம். ஒரு வாரம் ஓடியது, அவ்வளவுதான்.

பழைய வண்டிக்கு ஏன் இத்தனை பாடு என்று நினைப்பாய். அம்மாவுக்கு ஞாபகம் போய்க்கொண்டிருக்கிறது, அஜய். ஒன்றரை வருடமாகிறது. உனக்குச் சொல்லாமல் வைத்திருந்தேன். போடியில் நம் கடைக்கு வாரம் இரண்டு நாள்தான் போகிறேன். அவளுக்காகவே புது கார் வாங்கினேன். அதன் கதவைத் திறந்தாலே, "இது யாரு வண்டி? எங்க வண்டி வரட்டும்" என்று அலறுகிறாள். ஆட்டோவும் ஆகாது, ஆம்புலன்சும் ஆகாது. அம்பாசிடரைப் பார்த்தால் மட்டும் சேலையைச் சரிசெய்துகொண்டு தானாக ஏறி உட்காருகிறாள்.

மாதத்தில் ஒரு புதன்கிழமை நரம்பு டாக்டர் மதுரையிலிருந்து கம்பம் வருகிறார். நேற்று அதற்காகக் கிளம்பினோம். அனுமந்தன்பட்டிக்குப் பக்கத்தில் உச்சி வெயிலில் வண்டி நின்றுவிட்டது. குருசாமியை வரவழைத்தேன். பம்புக்கு வரும் குழாயைக் கழற்றினார், சொட்டு பெட்ரோல் இல்லை. வாயால் ஊதினார், டேங்குக்குள் குபுகுபுவென்று சத்தம். கொஞ்சம் வந்தது, மறுபடி வற்றிவிட்டது. கார்புரேட்டரில் நேராக ஊற்றினால் ஒரு நிமிடம் ஓடுகிறது. "வழியில எங்கனயோ அடைக்குது சார், இல்லாட்டி காத்து இழுக்குது. அஜய் தம்பி பெட்ரோல் லைன்ல என்னமோ மாத்தி வச்சிருந்தாரு. அவருகிட்ட ஒரு வார்த்தை கேளுங்க" என்றார். நீ இருந்தவரை ஒரே திருப்பில் எடுக்குமே. நீ அடியில் படுத்து வேலை பார்த்தபோது, என்ன செய்கிறாய் என்று நான் ஒரு நாளும் குனிந்து பார்த்ததில்லை.

அவர் வேறு ரப்பர் குழாய் வாங்கப் போனார். அம்மாவுக்கு வேர்த்துக் கொட்டியது. முன் சீட்டில் இருந்தபடி பின்னால் திரும்பி ஸ்கேன் கவரால் விசிறினேன். என்னை யாரென்று தெரியவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "டிரைவரண்ணே, எங்க வீட்டுக்காரகளும் எம் மகனும் பேசிக்கிறதில்ல. மகன் கல்யாணத்துக்கே அவுக போகல. அவுகளா கூப்பிட மாட்டாக, ரோசம் பிடிச்சவுக. நீங்களாச்சும் ஒரு எட்டு போயி அவனைக் கூட்டிட்டு வாங்கண்ணே."

சரிம்மா என்றேன்.

புதுக் குழாய்க்கும் வண்டி மசியவில்லை. டாக்டர் மதுரைக்குக் கிளம்பிவிட்டார் என்று போன் வந்தது. ஒரு லாரியில் கட்டி இழுத்துத்தான் வீடு வந்தோம். அவள் உள்ளேயேதான் உட்கார்ந்திருந்தாள், இறங்கமாட்டேன் என்றுவிட்டாள். ஸ்டீயரிங்கைப் பிடித்திருந்ததைத் தவிர நான் ஒன்றும் செய்யவில்லை. அடுத்த முறை டாக்டர் வருவது ஜூன் பத்தாம் தேதி.

அந்தக் குழாயில் எங்கே என்ன மாற்றினாய் என்று எழுது. எழுத்தில் விளங்காது என்றால் நீயே வந்து பார். அப்பா கூப்பிட்டு வருவது கஷ்டமாக இருந்தால், அந்த டிரைவர் கூப்பிட்டதாக நினைத்துக்கொள். அம்மா உன் பெயரை இன்னும் மறக்கவில்லை. எத்தனை நாளைக்கு என்று தெரியவில்லை.

உன்னையும் மருமகள் மாரீஸ்வரியையும் கர்த்தர் ஒரு குறையும் இல்லாமல் காப்பாராக.

இப்படிக்கு,
ஞானசிகாமணி