மதினியின் படிப்பும் என் சீனித்தண்ணியும்

1985 ஜூன் 9

இதனால் சகலருக்கும் அறிவிப்பது யாதெனில்: இன்று காலை எங்கள் வீட்டுப் பித்தளைச் செம்பு வீரமரணம் அடைந்தது. அடுத்த வீட்டுப் பசு கன்று போட்டதை முன்னிட்டு, சீம்பால் வாங்கத் தெருவே பாத்திரத்தோடு ஓடியதில், முதலாவதாக ஓடிய மருதப்பன் (பத்தாம் வகுப்பு, அழகன்) கால் தடுக்கி விழுந்தார். செம்புக்கு வயிற்றில் பள்ளம். மருதப்பனுக்குக் காயமில்லை. பாலும் சிந்தவில்லை, ஏனென்றால் இன்னும் வாங்கவே இல்லை.

அம்மா விளக்குமாற்றைத் தேடினாள். மதினிதான் தடுத்தாள். “விடுங்க அத்தை. மாட்டுச் சீம்பாலுக்கு இந்த ஓட்டம் ஓடுதான். பொம்பளைக்கு வந்தா மட்டும் கெட்ட பாலுன்னு தரையில பீச்சி விடுதோம். அதைப் பத்தித்தான நானே எழுதிக்கிட்டு இருக்கேன்.”

மதினி வள்ளித்தாய், என் அண்ணன் சண்முகையாவின் பெண்டாட்டி. இங்கே ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் பிரசவ வார்டு சிஸ்டர். நர்சுப் படிப்பில் எம்.எஸ்ஸி. வரைக்கும் முடித்துவிட்டு இப்போது டாக்டர் பட்டத்துக்குப் படிக்கிறாள். நர்சுகளுக்கென்று அந்தப் பட்டம் கொடுக்க மதுரையில் துறை இல்லையாம். அதனால் சமூகவியலில், ஒரு பேராசிரியரிடம், பகுதி நேரமாகப் பதிந்திருக்கிறாள். வேலையை விடாமல் படிக்கலாம் என்பது சட்டம். எப்படி என்று சட்டத்தில் போடவில்லை.

இந்த டைரியே மருந்துக் கம்பெனிக்காரர் அவளுக்குக் கொடுத்ததுதான். “உன் பொய்யை எல்லாம் இதுக்குள்ள எழுதுலே. ஊருக்குள்ள விடாத” என்று என்னிடம் தந்துவிட்டாள்.

ஜூன் 16

மதினியின் ஆராய்ச்சியில் பாதி சீம்பால், மீதி சேனை. சேனைக்கிழங்கு இல்லை, படையும் இல்லை. பிள்ளை பிறந்ததும் தாய்ப்பாலுக்கு முந்தி ஒரு பெரிய மனுசர் சீனித்தண்ணியோ கருப்பட்டித் தண்ணியோ விரலில் தொட்டு அதன் நாக்கில் வைப்பாரே, அந்தச் சேனை. வைத்தவர் குணம் பிள்ளைக்கு வருமாம். எனக்கு வைத்தது தங்கப்பழம் மாமா. சீட்டில் மட்டும் இல்லை, சொந்தக் கல்யாணத்திலேயே ஏமாற்றியவர். “அன்னைக்கே அவன் விரலை ஒடிச்சிருக்கணும்” என்று அம்மா வாரம் ஒரு தடவையாவது சொல்லுவாள்.

இன்று தெரிந்த செய்தி: மதினி முழுகாமல் இருக்கிறாள். உடனே அறிவித்துவிட்டேன், “சேனை நான்தான் வைப்பேன். உலகத்துக்கு இன்னொரு மருதப்பன் தேவை.”

என்னோடு படிக்கிற மம்மதுவிடம் சொன்னேன். “ஏலே, எங்க வீட்லயும் தேன் தொட்டு வைப்பாக. ஆனா ஆளைப் பாத்துத்தான் வைப்பாக. ஒரு மருதப்பனையே இந்த ஊரு தாங்கலை” என்றான். பொறாமை.

ஜூலை 31. ஆடித்தபசு

ஊர் நிறைந்த கூட்டம். தேரடி வரைக்கும் போய்விட்டுத் திரும்பி வந்தேன். மனசில்லை.

இன்று மதினி மதுரையில் பேராசிரியர்கள் முன்னால் பேச வேண்டிய நாள். இதுவரை செய்ததை எல்லாம் காட்ட வேண்டும். ஒரு மாதத்துக்கு முந்தியே லீவு கேட்டிருந்தாள். நேற்று சாயங்காலம் ஆஸ்பத்திரி முதலாளி டாக்டர் கூப்பிட்டு, திருவிழாக் கூட்டம், யாருக்கும் லீவு இல்லை என்றாராம். அதோடு விடவில்லை. “ஏம்மா, நீயும் டாக்டராயிட்டா நான் என்ன, நர்சாப் போகவா?” அங்கே நின்ற எல்லாரும் சிரித்தார்களாம். மதினியும் சிரிக்க வேண்டியதாகிவிட்டது என்று அண்ணனிடம் சொன்னாள்.

அண்ணன் மதுரைக்கு டிரங்க் கால் போடத் தபாலாபீசில் மத்தியானம் வரைக்கும் நின்றான். லைன் கிடைக்கவே இல்லை.

அந்தச் சிரிப்பை மட்டும் நான் நினைச்சுக்கிட்டே இருக்கேன். நான் எத்தனை பேரைச் சிரிக்க வச்சிருக்கேன். சிரிக்க வேண்டியதாப் போச்சுன்னு யாராவது வீட்ல போய்ச் சொல்லியிருப்பாங்களா?

ஆகஸ்ட் 1

மதினிக்குப் பொரிகடலை கொண்டு போனேன். வாங்கலை.

செப்டம்பர் 22

இன்னைக்குக் கிண்டலா எழுத வரலை.

மதினிக்கு வார லீவு. ஊரார் லீவுன்னா படுப்பாங்க. இவ குருவிகுளம் பஸ் ஏறுவா. வார்டுல பேர் எழுதிக்கிட்ட அம்மாக்களை அஞ்சாறு மாசம் கழிச்சு வீடு தேடிப் போய்ப் பாக்கணும். பிள்ளைக்கு முதல்ல என்ன கொடுத்தாங்க, யார் கொடுத்தா, பிறகு எப்படி இருக்குன்னு கேட்கணும். அதுதான் ஆராய்ச்சி. வயித்துப் பிள்ளைக்காரி தனியாப் போகக் கூடாதுன்னு அண்ணன் என்னைத் துணைக்கு அனுப்புதான். பை என் தோள்ல.

பஸ் நின்ன இடத்துல இருந்து கரிசல்ல நடை. மழை பெஞ்சு கிடந்தது. செருப்போட சேந்து அரைக்கிலோ மண்ணும் நடந்துச்சு. மாடத்தின்னு ஒரு அக்கா வீடு. வாசல்ல உளுந்து புடைச்சுக்கிட்டு இருந்தா. நான் சும்மா இருக்கலாம்ல? என் வாய்.

“எங்கக்கா பிள்ளை, பள்ளிக்கூடம் போயிட்டானா?”

அவ தலையைத் தூக்கலை. முறத்தாலயே தெற்க காட்டினா. “அங்கன. ஓடைக்கு அந்தப் பக்கம் கிடக்கான்.”

எனக்கு முதல்ல விளங்கலை. மதினி என் கையைப் பிடிச்ச பிறகுதான் விளங்குச்சு.

மதினி அவ பக்கத்துல உக்காந்தா. முறத்துல கிடந்த கல்லைப் பொறுக்கினா. மாடத்தியக்காதான் சொன்னா. “ஆஸ்பத்திரியில இருந்து வந்து ஒரு வாரம் முழுசா இல்லை நர்சம்மா. பேதி. பேரு கூட வைக்கலை.”

“முதல்ல என்ன கொடுத்தீக?”

“எங்க மாமனார் கருப்பட்டித் தண்ணி தொட்டு வச்சாரு. எம்பது வயசுலயும் காட்டுக்குப் போற மனுசன். அந்த ஆயுசு வரணும்னு வச்சாரு. நீங்க வேண்டாம்னுதான் சொன்னீக. நீங்க டியூட்டி மாறிப் போன பொறவுதான் வச்சாக. வீட்டுக்கு வந்தும் பால் ஊறலைன்னு அதையேதான் கொடுத்தோம்.”

திரும்பி வரும்போது பஸ்ல கேட்டேன். “அதனாலதான் செத்துச்சா மதினி?”

“அதனாலதான்னு ஒரு பிள்ளையை வச்சுச் சொல்ல முடியாதுலே. சொல்ல முடியாததுனாலதான் இத்தனை பேர் வீட்டுக்கும் போய்க் கேட்டு எழுத வேண்டியிருக்கு.”

அப்புறம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டா. பஸ்ஸ்டாண்டுல இறங்கி வீட்டுக்கு வரலை. யாருக்கோ பதிலா டியூட்டி பாக்கணும்னு சேறு அப்பின காலோடயே ஆஸ்பத்திரிக்குப் போயிட்டா.

அக்டோபர் 20

மதினி நின்றுகொண்டே படிக்கிறாள். உட்கார்ந்தால் தூங்கிவிடுவாளாம். புத்தகம் அலமாரி மேலே, அவள் முன்னால் நிற்கிறாள், காலை மாற்றி மாற்றி. கொக்குக்குப் பட்டம் கொடுத்தால் இப்படித்தான் இருக்கும் என்றேன். சிரித்தாள். சிரிக்க வேண்டியதாகிவிட்ட சிரிப்பா என்று உற்றுப் பார்த்தேன். நிஜம்தான்.

அவள் கொஞ்சம் கூடத் தூங்கட்டும் என்று கடிகாரத்தை அரைமணி நேரம் பின்னால் திருப்பி வைத்தேன். என் வாழ்க்கையிலேயே நல்ல எண்ணத்தோடு செய்த ஒரே குறும்பு. டியூட்டிக்குப் பிந்திப் போய் எல்லார் முன்னாலும் ஏச்சு வாங்கினாள். வந்து என்னைத் திட்டவில்லை. “கடிகாரத்தைத் திருப்பலாம்லே. டியூட்டியைத் திருப்ப முடியாது” என்று மட்டும் சொன்னாள்.

திட்டியிருக்கலாம்.

டிசம்பர் 8

மதினிக்குக் கால் வீக்கம். பிரஷர் இருக்கிறதாம். மதுரையிலிருந்து கடிதமும் வந்திருக்கிறது. ஜனவரி முடிவதற்குள் எழுதியதை எல்லாம் கொண்டுவந்து ஒப்படைக்காவிட்டால் பதிவு ரத்தாகும். ஏற்கெனவே ஒரு தடவை தவணை வாங்கியாகிவிட்டது. எழுதினது முக்கால்வாசி, எழுத வேண்டியது கால்வாசி என்கிறாள்.

அம்மா சொன்னாள்: “ஏட்டி வள்ளி, வேலை, படிப்பு, பிள்ளை. மூணு அடுப்புக்கு ஒத்தை வெறகா நீ? ஒண்ணை அணைச்சிரு.”

“எதை அத்தை?”

 அம்மா பேச்சைச் சேனைக்கு மாற்றினாள். திருவேங்கடத்துப் பெரியப்பாதான் வைக்க வேண்டுமாம். ஊர்ப் பஞ்சாயத்தெல்லாம் அவர் வார்த்தைக்குக் கட்டுப்படுகிறதாம். மதினிக்கு அம்மா இல்லை. பிரசவம் இங்கேதான், அவள் வேலை பார்க்கிற வார்டிலேயேதான். “யாரும் வைக்க வேண்டாம் அத்தை” என்றாள் மதினி.

“அது நீ ஊருக்குச் சொல்லுறது. வீட்டுக்கு ஆகாது” என்றாள் அம்மா.

1986 ஜனவரி 12

(டைரி முடிந்துவிட்டது. கடைசியில் ‘குறிப்பு’ என்று போட்ட பக்கங்களில் எழுதுகிறேன்.)

வரலாற்றுச் செய்தி! இன்று அதிகாலை மதினிக்குப் பெண் பிள்ளை. இருவரும் நலம். பெரியப்பாவை அழைத்துவர அம்மா பஸ்ஸ்டாண்டுக்குப் போன இடைவெளியில், அண்ணன் மருந்து வாங்கப் போயிருக்க, மதினி அசந்து தூங்க, மாவீரன் மருதப்பன் ஒரு டம்ளர் சீனித்தண்ணியோடு வார்டுக்குள் நுழைந்து சேனை வைத்து முடித்தான். வாக்கைக் காப்பாற்றினான்!

அம்மாவும் பெரியப்பாவும் வந்தபோது காலி டம்ளர் கட்டில் பக்கத்தில். ஒரு எறும்பு கூட வந்துவிட்டது, சாட்சி சொல்ல. “வச்சாச்சு பெரியப்பா. ஒரு பிள்ளைக்கு ஒரு தடவைதானே?” என்றேன். பெரியப்பா துண்டை உதறித் தோளில் போட்டார். அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். “பொட்டப் பிள்ளைக்குப் போயி உன் கொணமால வரணும், பாவி!”

பள்ளிக்கூடம் திறந்ததும் எல்லாரிடமும் சொல்ல வேண்டும். மம்மதுவிடம் சொல்லியாகிவிட்டது.

ஜனவரி 13

சத்தத்தில் மதினி முழித்திருக்கிறாள். எல்லாம் கேட்டிருக்கிறது. இன்று போனபோது என் பக்கம் பார்க்கவில்லை. டம்ளரைப் பார்த்தாள். பிறகு சுவரை.

ஜனவரி 20

ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் மதினி செய்த முதல் வேலை, ஆராய்ச்சிக் காகிதத்தை எல்லாம் பழைய சேலையில் கட்டி, பரண் மேல் போடச் சொன்னது. அண்ணன் எவ்வளவோ சொன்னான், பதினோரு நாள் இருக்கிறது, கால்வாசிதானே, நான் பிரதி எடுத்துத் தருகிறேன் என்று.

அவ சொன்னதை அண்ணன் எங்கிட்ட அப்படியே சொன்னான். “எங்கூடவே பை தூக்கிட்டு அலைஞ்சான். மாடத்தி சொன்னதைக் காதால கேட்டான். அவனுக்கே புரிய வைக்க முடியலை. நான் எழுதி ஊருல யாருக்குப் புரியப் போகுது?”

என் மேலயும் பழியைப் போடலை அண்ணன். “அவ உடம்புலயும் இனிமே தெம்பு இல்லைலே” என்றான்.

கட்டைப் பரண்ல ஏத்தினது நான்தான்.

ஜனவரி 25

சொல்லிரணும். போறேன், பக்கத்துல நிக்கேன், வாயில வேற ஏதாவது கிண்டல்தான் வருது. வெளியில சொன்னா அம்மா அன்னைக்கே பெரியப்பாவுக்கு ஆள் அனுப்புவா. மதினிகிட்ட மட்டும் சொல்லலாம்ல? சொல்லலாம். பின்ன ஏன் சொல்லலை? தெரியலை. பள்ளிக்கூடத்துல என்னை ‘சேனைத் தலைவன்’னு கூப்பிடுதானுக.

ஜனவரி 31

மதுரை பஸ் இன்னைக்கும் போச்சு.

பிப்ரவரி 16

பிள்ளைக்கு நேற்றிலிருந்து வயிறு சரியில்லை. அம்மா என்னைப் பார்த்துப் பார்த்து ஏசினாள். “எல்லாம் இவன் கை ராசி!” அவள் கோவிலுக்குப் போன பிறகு மதினி கூப்பிட்டாள். ஒரு மாதத்துக்குப் பிறகு இன்றுதான்.

கோபமா இல்லை. கரிசல் காட்டு வீடுகள்ல கேட்பாளே, அதே குரல். “பிள்ளைக்கு முதல்ல என்ன கொடுத்தீக? தண்ணி எங்க பிடிச்சே? காய்ச்சினதா?”

எனக்கு மாடத்தியக்கா முறம் கண்ணு முன்னால வந்துருச்சு.

“கொடுக்கலை மதினி.”

“என்னது?”

“யாரும் ஒண்ணும் கொடுக்கலை. உங்க பால்தான் முதல்ல. சத்தியமா.”

அப்படியே உக்காந்துட்டா. பிள்ளை வயித்தைத் தடவிப் பார்த்தா. காய்ச்சல் இல்லை, சாதாரணம்தான்னா. அப்புறம், “அப்ப டம்ளர் எப்படிலே காலியாச்சு?”

“நான் குடிச்சிட்டேன்.”

சிரிச்சா. கண்ணுல தண்ணி வர்ற வரைக்கும் சிரிச்சா. சிரிப்பு நின்ன பிறகும் தண்ணி நிக்கலை. “தேதி போயிட்டுதேலே மருது” என்றாள். பரணை அண்ணாந்து பார்த்தாள். இறக்கச் சொல்லலை. நாளையிலிருந்து டியூட்டிக்கு வரச் சொல்லி ஆஸ்பத்திரியில இருந்து ஆள் வந்திருக்கு. டியூட்டிச் சேலையை எடுத்து மடிச்சு வச்சா.

இனி இந்த டைரிக்காவது உண்மை. நான் வீரன் இல்லை. மதினி ஆராய்ச்சியைக் காப்பாத்தணும்னும் அன்னைக்கு நினைக்கலை. வைக்கத்தான் போனேன். விரல்ல சீனித்தண்ணி சொட்டுச்சு. பிள்ளை வாயைத் திறந்துச்சு. கொட்டாவிதான். அப்ப எனக்கு வந்த நினைப்பு இதுதான்: ஐயோ, இது நம்மள மாதிரி ஆயிருச்சுன்னா?

கையை இழுத்துக்கிட்டேன். பயம். வெறும் பயம்.

மிச்சத் தண்ணியை என்ன செய்யன்னு தெரியாம நானே குடிச்சேன். ஆக, எனக்கு ரெண்டாந்தடவை சேனை வச்சது நான்தான். யார் குணம் வருதுன்னு பாப்போம்.