வியாழக்கிழமை பெய்த மழை

டீச்சர்,

இன்று காலை ரேடியோவில் வானிலை அறிக்கை வாசித்தார்கள். உள்மாவட்டங்களில் வெயில் கடுமையாக இருக்குமாம். கடற்கரைப் பக்கம் மிதமாக இருக்குமாம், மாறுதல் எதுவும் இருக்காதாம். காபி ஆற்றிக்கொண்டிருந்த நான், "நீ போய்ப் பாத்தியா?" என்று ரேடியோவைக் கேட்டுவிட்டு அணைத்தேன். அதை அதட்ட எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது என்று மறு நிமிஷமே தோன்றிவிட்டது. டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். நீங்கள் போய் நாற்பது நாள் ஆகிறது.

பதினான்கு வருஷம் ஒரே பள்ளியில், ஆசிரியர் அறையின் ஒரே ஜன்னலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக உட்கார்ந்திருந்தோம். நீங்கள் பூகோளம், நான் கணக்கு. நீங்கள் மேலப்புதூரிலிருந்து குடையோடு நடந்து வருவீர்கள். நான் ஸ்ரீரங்கத்திலிருந்து பஸ் ஏறி, சத்திரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கி, வியர்த்து வழிந்துகொண்டு வருவேன். கடைசி வரை ஒருவரையொருவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எனக்கு நீங்கள் டீச்சர், உங்களுக்கு நான் டீச்சர்.

வடக்கு வராந்தாச் சுவரில் நீங்கள் மாட்டியிருந்த தெர்மாமீட்டரைப் பிள்ளைகள் 'பூகோள டீச்சர் வீட்டு சாமி' என்பார்கள். காலை ஒன்பது, பகல் ஒன்று, மாலை ஐந்து. மணி அடித்தது போல் போய் நிற்பீர்கள். ஞாயிற்றுக்கிழமைகூட மாதா கோயிலில் பூசை முடிந்து, தலையில் போட்ட முக்காட்டை எடுக்காமலே வந்து, வாட்ச்மேனை எழுப்பிக் கேட்டைத் திறக்கச் சொல்வீர்கள். "உங்க பாதரசத்துக்கு லீவே கிடையாதா டீச்சர்?" என்று கேலி செய்தேன் ஒரு தடவை. "வெயிலுக்கு லீவு உண்டா டீச்சர்?" என்றீர்கள். நான் வேலைக்கு வருவதற்கு முன்னிருந்தே, ஏழு வருஷத்து வெயில் உங்கள் நோட்டுகளில் இருந்தது.

நயா பைசா வந்த மறு வருஷம் அது. முழுப் பரீட்சை முடிந்து விடைத்தாள்களைத் திருத்திக் கொடுத்துவிட்டு, நாகப்பட்டினத்தில் அக்கா வீட்டில் ஒரு வாரம் இருந்துவிட்டு வரலாம் என்று புறப்பட்டேன். "சித்திரைத் தேர் பாக்காம அப்படி என்னடி அவசரம் உனக்கு?" என்று அம்மாவுக்குக் கோபம். உங்களுக்கோ ஒரே சந்தோஷம். மறுநாளே இன்னொரு தெர்மாமீட்டரைத் துணியில் சுற்றி, ஒரு புது நோட்டோடு கொண்டுவந்து கொடுத்தீர்கள்.

"ஒரே ஒரு வாரம் டீச்சர். இங்க நான் பாக்கறேன், அங்க நீங்க பாருங்க. ஒரே நாள், ஒரே நேரம். எழுபது எண்பது மைல்ல வெயில் எப்படி மாறுதுன்னு காட்டிடலாம்" என்றீர்கள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "ஒரு வேளை பாக்க முடியலைன்னா அந்த இடத்துல கோடு போட்டுடுங்க. தப்பே இல்லை" என்றீர்கள்.

அதன் பின்னால் என்ன இருந்தது என்றும் எனக்குத் தெரியும். ஆடி மாதம் நடக்கும் ஆசிரியர் கூட்டத்தில் நீங்கள் கட்டுரை வாசிக்கப் போகிறீர்கள். கட்டுரை நன்றாக இருந்தால் ஒரு வருஷப் பூகோளப் பயிற்சிக்குச் சென்னைக்கு அனுப்புவார்கள். அனுப்புவது ஒரே ஒருவரைத்தான். நீங்கள் உங்களுக்கென்று ஆசைப்பட்டு நான் பார்த்தது அது ஒன்றுதான்.

நாகப்பட்டினத்து வெயில் நம் ஊர் வெயில் மாதிரி இல்லை, டீச்சர். இங்கே பாறை சூடேறி ராத்திரி வரை அனல் விடுகிறதே, அந்தக் கதையே அங்கே கிடையாது. விடியற்காலையில் காற்று அசையாமல், உடம்பு கொஞ்சம் பிசுபிசுவென்று இருக்கும். பத்து பதினொரு மணிக்குக் கடலிலிருந்து காற்று கிளம்பிவிடும். கொடியில் காயும் புடவைகள் எல்லாம் ஒரே பக்கமாகப் படபடக்கும். சாப்பிட்டுவிட்டுக் கூடத்தில் வெறும் தரையில் படுத்தால் கண் தானாக மூடிக்கொள்ளும். விடியற்காலை நாலரைக்கு எழுந்து சமைத்து வைத்துவிட்டுப் பஸ்ஸுக்கு ஓடியே பழகிய உடம்பு அது. அக்கா எழுப்பவும் மாட்டாள்.

முதல் இரண்டு நாள் ஒழுங்காகப் பார்த்து எழுதினேன். மூன்றாம் நாள் காலையில் மறந்துபோனேன், பகலில் தூங்கிவிட்டேன். எழுந்தபோது மணி மூன்றரை. சரி, சாயங்காலம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டேன். சாயங்காலம் அக்காவோடு கடற்கரைக்குப் போய்விட்டேன். அதன் பிறகு நோட்டைத் திறக்கவே இல்லை. தெர்மாமீட்டர் மட்டும் பின்கட்டுத் தாழ்வாரத்தில் நீங்கள் சொன்னபடி நிழலில் தொங்கிக்கொண்டிருந்தது.

திரும்பி வரும்போது ரயிலில்தான் நோட்டை எடுத்தேன். கோடு போடலாம் என்றீர்கள், நினைவிருந்தது. ஆனால் ஐந்து நாளைக்குப் பதினைந்து கோடு போட்டால் உங்கள் முகத்தில் எப்படி விழிப்பது? வழிமுறை எழுதாமல் விடையை மட்டும் எழுதும் பெண்ணுக்கு சைபர் போட்டு, எழுந்து நிற்கவைத்து மானத்தை வாங்குகிறவள் நான். அப்படிப்பட்டவள் மடியில் நோட்டை வைத்துக்கொண்டு தொண்ணூற்று ஒன்று, தொண்ணூற்று இரண்டு என்று எழுதிக்கொண்டே போனேன். ரொம்பச் சீராக இருந்தால் சந்தேகம் வரும் என்று நடுவில் ஒரு எண்பத்தொன்பது போட்டேன். இரண்டு நாளைக்குப் பேனா, மூன்று நாளைக்குப் பென்சில். கணக்கு டீச்சர் இல்லையா, பொய்யைக்கூடக் கச்சிதமாகத்தான் செய்தேன்.

நடுவில் ஒரு நாள் மழை பெய்தது நினைவிருந்தது. புதனா, வியாழனா என்றுதான் தெரியவில்லை. தப்பான நாளில் மழையைப் போட்டால் மாட்டிக்கொள்வோம், மழையே போடாவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது என்று யோசித்து, அந்த மழையை விட்டுவிட்டேன்.

கூட்டத்தன்று நீங்கள் வெள்ளைப் புடவை கட்டியிருந்தீர்கள். பெரிய தாளில் இரண்டு கோடு வரைந்து சுவரில் தொங்கவிட்டிருந்தீர்கள். திருச்சிக்குச் சிவப்பு மை, நாகப்பட்டினத்துக்கு நீலம். சிவப்பு ஏறி இறங்கியது. நீலம் குழந்தை தூங்குவது போல ஒரே சீராகப் போயிற்று. "கடல் பக்கத்துல இருக்கிற ஊரைக் கடலே பாத்துக்குது" என்று நீங்கள் சொன்னபோது எல்லோரும் தலையாட்டினார்கள். மூன்றாம் வரிசையில் இருந்த நானும் ஆட்டினேன்.

வாசித்து முடித்ததும் பின்னாலிருந்து ஒருவர் எழுந்தார். நாகப்பட்டினத்துக்காரர், வயதான தலைமையாசிரியர், நல்ல மனுஷர்தான். "தப்பா நினைச்சுக்காதீங்கம்மா. அந்த வாரம் வியாழக்கிழமை எங்க பொண்ணுக்கு நிச்சயதார்த்தம். மத்தியானம் மழை கொட்டிப் பந்தலே நனைஞ்சு போச்சு. உங்க நீலக் கோட்டுல மழை எங்க இருக்குன்னு தெரியலையே?" என்றார்.

நீங்கள் தாளைப் பார்த்தீர்கள். பிறகு ஒரே ஒரு கணம் என்னைப் பார்த்தீர்கள். நான் குனிந்து காலடியில் இருந்த செருப்பைப் பார்த்தேன்.

"நான் எடுத்து எழுதும்போது தப்பு பண்ணியிருக்கேன். மன்னிக்கணும் சார்" என்றீர்கள்.

யாரோ சிரித்தார்கள். இன்ஸ்பெக்டரம்மா ஏதோ குறித்துக்கொண்டார். சென்னைக்குப் போனது வேறொருவர்.

அன்று சாயங்காலம் சத்திரம் வரை என்னோடு நடந்து வந்தீர்கள். ஏன் டீச்சர் அப்படிச் சொன்னீங்க என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. கத்தரிக்காய் முற்றலாக வருகிறது, வெண்டைக்காய் பரவாயில்லை என்று பஸ் வரும்வரை பேசிக்கொண்டே இருந்தேன். நீங்களும் "ஆமாங்க டீச்சர்" என்று கேட்டுக்கொண்டீர்கள். நான் ஏறியதும், "பாத்துப் போங்க" என்றீர்கள். ஜன்னல் பக்கம் இடம் இருந்தும் நான் உள்பக்கம் போய் உட்கார்ந்தேன்.

அடுத்த வாரம் வராந்தாவில் தெர்மாமீட்டர் இல்லை. ஆணி துருப்பிடித்துவிட்டது என்று பிள்ளைகளிடம் சொன்னீர்களாம். பிறகு அதை நீங்கள் மாட்டவே இல்லை. அதற்கப்புறமும் பத்து வருஷத்துக்கு மேல் அதே ஜன்னலடியில்தான் உட்கார்ந்திருந்தோம். என் அம்மா போனபோது முதலில் வந்தவர் நீங்கள். கிறிஸ்துமஸுக்குக் கேக் கொடுத்தீர்கள், முட்டை போடாமல் தனியாகச் செய்தது. ஒரு வார்த்தை, ஒரு முகச்சுளிப்பு கிடையாது. நீங்கள் திட்டியிருந்தால் நான் திருப்பிச் சண்டை போட்டிருப்பேன், அது என் சுபாவம். அதற்கும் வழி வைக்கவில்லை. உங்கள் மேல் எனக்குக் கோபம்கூட வந்திருக்கிறது என்று சொன்னால் நம்புவீர்களா? செய்தவளுக்குத்தான் அப்படியெல்லாம் கோபம் வரும் போலிருக்கிறது.

பங்குனியில் உங்களை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள் என்று தெரிந்ததும் வந்தேன். சொல்லிவிடுவது என்று தீர்மானித்துத்தான் வந்தேன். பஸ்ஸில் வாய்க்குள் ஒத்திகைகூடப் பார்த்தேன். கட்டிலில் நீங்கள் பாதியாக இருந்தீர்கள். நான் கொண்டுவந்த ஆரஞ்சை எடுத்து முகர்ந்து பார்த்துவிட்டு, மடியில் வைத்துக்கொண்டு, ரொம்ப நாளாகக் கேட்க நினைத்ததைக் கேட்பது போலக் கேட்டீர்கள்.

"டீச்சர், நாகப்பட்டினத்துல அந்த வியாழக்கிழமை மழை எவ்வளவு நேரம் பேஞ்சுச்சு?"

உங்கள் குரலில் குத்தல் இல்லை. உங்களுக்கு நிஜமாகவே அந்த மழை வேண்டியிருந்தது. அந்த நேரம் பார்த்து நர்ஸ் மருந்தோடு வந்தாள். நான் பையை எடுத்துக்கொண்டேன்.

"நீங்க இப்ப ரெஸ்ட் எடுங்க டீச்சர். நாளைக்கு வந்து சொல்றேன்" என்றேன்.

"சரி, போயிட்டு வாங்க" என்றீர்கள்.

மறுநாள் நான் வரவில்லை. பத்தாம் வகுப்பு விடைத்தாள் கட்டு மேஜைமேல் இருந்தது, அதைச் சாக்காக வைத்துக்கொண்டேன். அதற்கும் மறுநாள் செய்தி வந்தது. உங்கள் அடக்கத்தன்று மாதா கோயிலில் எப்போது உட்கார வேண்டும், எப்போது முழங்காலிட வேண்டும் என்று தெரியாமல் கடைசி வரிசையில் நின்றுகொண்டே இருந்தேன்.

இப்போது சொல்கிறேன். அரை மணி நேரம் இருக்கும், டீச்சர். சரியாகத் தெரியாது. கடல் பக்கம் திடீரென்று இருட்டிக்கொண்டு வந்தது. "வடாம் நனையறது, ஓடி வாடி" என்று அக்கா கத்தினாள். பெரிய பெரிய துளி. காற்று சில்லென்று ஆகிவிட்டது, கையில் ரோமம் சிலிர்த்தது, எத்தனை டிகிரி இறங்கியிருக்கும் என்று நினைத்ததுகூட நினைவிருக்கிறது. வடாத் துணியை எடுத்து வர மொட்டை மாடிக்கு இரண்டு தடவை ஓடினேன். உங்கள் தெர்மாமீட்டர் பின்கட்டுத் தாழ்வாரத்தில், மாடிப்படிக்குப் பக்கத்தில்தான் தொங்கியது. இரண்டு தடவையும் என் தோள் அதில் இடித்தது, டீச்சர். ஆடாமல் இருக்கட்டும் என்று கையால் பிடித்து நிறுத்திவிட்டுப் போனேன். பார்க்கவில்லை.